எழுத்தறிவுக்கு முன் செவியறிவு

எழுத்து என்றதும் நம் மனத்தில் தோன்றுவது வரிவடிவமே. பழைய இலக்கணத்தாரோ எழுத்தை முதலில் ஒலியாகவே கொண்டனர். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் மிடற்றிலும் நாவிலும் இதழிலும் பிறக்குமாற்றையே கூறுகிறது. இன்றைய தொடக்க வகுப்பில் கண் பார்க்கிறது, கை எழுதுகிறது, வாய் ஒப்பிக்கிறது. செவிக்கு வேலை குறைவு. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதனால் விளையும் இடர்ப்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவரில் தொங்கும் அரிச்சுவடிப் படத்தை முதலில் நோக்குவோம். அம்மா, ஆடு, இலை, ஈ என அது செல்லும். உயிரெழுத்து தன் வடிவில் நிற்பது பெரும்பாலும் சொல்லின் முதலில்தான். ஏனைய இடங்களில் அது உயிர்மெய்க்குள் மறைந்து நிற்கும். ஆகவே 12 உயிரையும் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தை, 'பாடு' என்னும் சொல்லின் முன் திகைக்கிறது. 'ஆடு' அறிந்த குழந்தைக்குப் 'பாடு' ஏன் எட்டவில்லை? இரண்டிலும் ஒலிப்பது ஆகாரமே என்பதை அதன் செவி பிரித்தறியவில்லை. 247 எழுத்துகளையும் தனித்தனிப் படங்களாக மனனம் செய்யும் சுமை இதனால் வருவதே.

இக்குறைக்கு மருந்தாக, ஆங்கில வகுப்பின் ஃபோனிக்ஸ் முறையை அப்படியே தமிழுக்குக் கொணரலாம் என்பார் உளர். ஒலியன்களைப் பிரித்தறியும் பயிற்சி வாசிப்புக்குத் துணை செய்கிறது என்பதும், எழுத்தோடு சேர்த்துக் கற்பித்தால் அதன் பயன் மிகும் என்பதும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை கண்ட முடிபுகள். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் தொடங்கும் இடம் எது என்பதே வினா. 1974இல் இசபெல் லிபர்மன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், 4 வயதுக் குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் சொல்லை அசை அசையாகத் தட்டிக் காட்டினர். ஒலியன் ஒலியனாக ஒருவரும் பிரிக்கவில்லை. கன்னடக் குழந்தைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும், அசையெழுத்து மொழியில் ஒலியன் உணர்வு மெல்லவே மலர்கிறது என்று காட்டியது. தமிழ்க் குழந்தைக்கு 'ப்' என்பதை உரித்துக் காட்டுமுன், 'பா' என்பதை முழுதாகக் கேட்பிக்க வேண்டும் என்பது இவற்றால் பெறப்படும்.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. ஆங்கிலம் பழகிய செவிக்கு இவை மூன்று வேறு ஒலிகள், தமிழுக்கோ ஓரெழுத்து. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று அட்டை காட்டிப் பழக்கினால் குழந்தை குழம்பும். இடம் நோக்கி ஒலி மாறும் என்பதைச் சொற்களைக் கேட்பித்தே உணர்த்தல் வேண்டும். தேக்கா வட்டாரத்து ரயில் நிலையப் பலகையில் 'லிட்டில் இந்தியா' என்றிருக்கிறது. அதில் டகரம் ஏன் இரட்டித்தது? ஒற்றை டகரமாயின் 'ஆடு' என்பதிற்போல நெகிழ்ந்து ஒலிக்கும். குழந்தை நாள்தோறும் கேட்கும் பெயரே நல்ல பாடமாகிறது.

இனிப் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. பேச்சில் 'மரம்' என்பதன் ஈற்று மகரம் இதழ் கூடாமல் மூக்கொலியாய்த் தேயும். 'வந்தது' என்பது 'வந்துச்சு' ஆகும். மலேசியத் தோட்டப் பள்ளியில் பணிபுரியும் நான் காணும் பிள்ளைகளுக்குப் பேச்சுத்தமிழேனும் செவியில் நிறைந்திருக்கிறது. சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கு வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் இந்தியர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2020இல் ஏறத்தாழ 27 விழுக்காடு. செவியில் இல்லாத சொல்லைக் கண்ணால் படிக்கச் சொல்வது எங்ஙனம்? 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறு ஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் தரப் பரிந்துரைத்தது நன்று. ஆனால் பேச்சு ஒரு பாடவேளை, வாசிப்பு வேறொரு பாடவேளை என்று பிரிந்து நின்றால் பயன் குறையும். பேசிய சொல்லே அன்றைய வாசிப்புச் சொல்லாக வேண்டும்.

செய்யத்தக்கது யாது? முதலில் அறிந்த சொற்களைக் கைதட்டி அசை பிரித்தல். அடுத்து, மாத்திரை. கல், கால், பல், பால் எனக் குறில் நெடில் இணைகளைக் கேட்டுப் பொருள் வேறுபாடு உணர்தல். பின்னர்ப் பாடு, பாட்டு. எடு, எட்டு என ஒற்று மிகும் இணைகள். இங்கே தமிழின் புள்ளி பெருந்துணை செய்யும். வடமொழி எழுதும் நாகரியில் மெய்கள் பெரும்பாலும் கூட்டெழுத்துக்குள் மறையும். தமிழில் 'ட்' தனித்து நின்று ஒலியனைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அவ்வழியே உயிர்மெய்யைப் பிரிக்கக் கற்பிக்கலாம். 'கெ', 'கொ' போன்றவற்றில் பின்னொலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கும் இடர் இருத்தலின், அவற்றைக் கடைசியில் வைத்தல் நலம்.

தொல்காப்பியர் அன்றே ஒலியை ஆராய்ந்தார் என்று பெருமை பேசுவதால் ஒரு குழந்தையும் வாசிக்கக் கற்பதில்லை. ஆசிரியர் ஒன்று செய்து பார்க்கலாம். பாடத்தை மளமளவென்று படிக்கும் மாணவனிடம், அப்பாடத்தின் எழுத்துகளாலேயே அமைந்த ஒரு புதுச் சொல்லை எழுதிக் காட்டுக. அவன் அதனைப் படித்தால் வாசிக்கிறான்; விழித்தால் ஒப்பிக்கிறான். ஒப்பிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு முதல் வகுப்பிலும் எண்ணிப் பார்த்தால், செவிப் பயிற்சி எங்கே தேவை என்பது விளங்கும்.