விசுவாசமும் திருவருளும்

கிறித்து சமயத்தார் விசுவாசம் என வழங்குவது, நூலிற் கூறியதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதலே என்பர் சைவருள் ஒருசாரார். அஃது அச்சமயக் கருத்தை உணர்ந்து கூறியதாகாது. என்னை? கடவுள் ஒருவர் உளரென்று பேய்களும் நம்புமென்றும், செயலொடு கூடாத விசுவாசம் உயிரற்றதென்றும் யாக்கோபின் நிருபம் கூறுதலான் என்க. விசுவாசம் ஒன்றானே மனிதன் நீதிமானாவன் என்றார் லூத்தர். அதனோடு நம்பிக்கையும் அன்பும் கூடல் வேண்டுமென 1547 இல் கத்தோலிக்க சங்கம் வரையறுத்தது. இவ்வாறு தம்முள் மாறுபட்டாரும், தன்னை முழுதும் இறைவன்பால் ஒப்புவித்து அவனையே பற்றுக்கோடாகச் சார்ந்து நிற்றல் விசுவாசத்திற்கு இன்றியமையாதது என்பதில் மாறுபட்டிலர்.

அச்சார்பு சொல்லளவில் நில்லாமைக்குச் சிவகாசியிலேயே சான்றுண்டு. கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்று சிறந்த இராக்லாந்து பாதிரியார், சர்ச்சு மிஷன் சங்கத்தின் சென்னைச் செயலாளர் பணியை விடுத்து, 1854 முதல் வட திருநெல்வேலிச் சிற்றூர்களிற் கூடாரமடித்துத் தங்கி ஊரூராய்த் திரிந்து போதித்தார். விதை மண்ணிற் புதைந்தழிந்தே பலன் தருமென்னும் கிறித்துவின் உவமையைத் தமக்கு நெறியாகக் கொண்ட அவர், 1858 இற் சிவகாசியில் உயிர்நீத்தார். அவர் கொள்கையை மறுப்பாரும் அவர் உறுதியை மறுத்தல் இயலாது.

இனி, விசுவாசமும் இறைவன் ஈவே என்பது எபேசியர்க்குப் பவுலடியார் விடுத்த நிருபத்தின் கருத்து. இறைவனைச் சாரும் வேட்கை சத்திநிபாதத்தால் விளைவதென்று சைவமும் கொள்ளும். இதுகாறும் இரண்டும் ஒக்கும். அற்றேல், அவ்வீவு ஒருவர்க்குக் கிட்டி மற்றொருவர்க்குக் கிட்டாமை எற்றுக்கு? இறைவன் முன்னரே நியமித்தவாறு என்றார் கால்வின். மனிதனது இசைவும் இசையாமையுமே காரணம் என்றார் பிறர். முன்னது இறைவன்பால் நடுவின்மையைச் சார்த்தும். பின்னது அவ்விசைவு வேறுபடுதற்குக் காரணங் கூறாது. சைவமோ, ஆணவமல பரிபாகத்தின் தாரதம்மியமே காரணமென்றும், இப்பிறப்பிற் பக்குவம் எய்தாதார்க்கு இனிவரும் பிறப்பும் வாயிலாம் என்றும் கூறி, இறைவனது அருளுக்கும் நடுநிலைக்கும் இழுக்கு வாராமற் காக்கும். மாறுபாடு உண்மையில் நிகழுமிடம் இதுவேயாம். குருட்டு நம்பிக்கை என்று இகழ்தல் வாதமன்று.

கொள்கையில் வென்ற அளவானே சைவர் கடமை முடிந்ததாகாது. காசி விசுவநாதர் எழுந்தருளியிருக்கும் சிவகாசித் திருக்கோயிலுட் புக விழைந்த நாடார் மக்களுக்கு வாயில் மறுக்கப்பட்டது. அப்பூசல் முற்றி 1899 ஜூன் 6 இல் ஊர் சூறையாடப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டத்துணை வாய்த்தது 1939 இலேயாம். திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் வைத்து வணங்குவோர், அன்பராய் வந்தாரைப் புறத்தே நிறுத்தியது எந்நூல் நெறி?

அங்ஙனம் தடுக்கப்பட்டும் சிவபெருமானை விடாது பற்றி நின்றார் விருதுநகர், சிவகாசி வட்டாரங்களிற் பலர். விசுவாசத்திற்குச் சைவத்துள் எடுத்துக்காட்டுத் தேடுவார் அவரையே காணக்கடவர். சார்ந்தாரைக் காப்பான் இறைவன் என்று பிறர்க்கு உரைப்பார், சார வருவாரைத் தடாதிருத்தலே அவ்வுரைக்கு முதற்சான்றாம்.