வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு பவளக் கிளை

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களின் கைவேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, புதிய கிளையைத் தொட்டியில் இறக்குமுன் அவர்கள் செய்யும் சோதனை. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு தன் இரையின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். சும்மா பார்த்தால் தெரியாது. தேர்ந்த கண் முதலில் கடித்த தடத்தைத்தான் தேடும்: வெளிறிய சிறு வட்டங்கள், சதை போய் வெளுத்த அடித்தண்டு, அதில் அப்பியிருக்கும் பழுப்பு முட்டைகள்.

பிறகு வெள்ளைக் கிண்ணத்தில் கடல்நீரும் அளவாக மருந்தும். ரப்பர் குமிழ் வைத்த குழாயால் கிளைகளுக்கிடையே நீரைப் பீய்ச்சினால், பிடி தளர்ந்த புழுக்கள் அடியில் உதிரும். எத்தனை இருந்தன என்பதே அப்போதுதான் தெரியும்!

மருந்து முட்டைகளைக் கொல்லாது. அவற்றைக் கத்தி நுனியால் சுரண்ட வேண்டும், அல்லது அந்த அடித்தண்டையே வெட்டி எறிய வேண்டும். தப்பியவை பொரிக்கக்கூடும் என்பதால் கிளையைத் தனித்தொட்டியில் வைத்து, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப மருந்தில் முக்குகிறார்கள். இந்தப் பொறுமைக்காகவே அவர்களை மதிக்கிறேன்.

இப்புழுவுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2011-இல்தான். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அது கண்டறியப்பட்டது அதற்கும் பிறகு. வளர்ப்பவர்களோ பல ஆண்டுகள் முன்பே அதை அடையாளம் கண்டுவிட்டார்கள்.