பார்க்கிறார்கள், புரிகிறதா?

தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடுகிறது. பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை வண்ணப்படம் மாறிக்கொண்டிருக்கிறது. எதிரே நான்கு வயதுக் குழந்தை. அதன் கண் எந்த நொடியில் தொலைக்காட்சியை விட்டு விலகுகிறது என்று ஓர் ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார். அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சிக்காக எட்வர்ட் பால்மர் வகுத்த சோதனை இது. பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்பதைப் பெரியவர்களே தீர்மானித்துவந்த துறையில், பிள்ளைகளிடமே அதைக் கேட்டறியும் வழக்கம் இப்படி வேரூன்றியது.

1969 ஜூலையில் ஐந்து முன்னோட்டப் பகுதிகளைப் பிலடெல்பியாவில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பொம்மைகளையும் அசைபடங்களையும் ஆர்வமாகப் பார்த்த பிள்ளைகள், தெருக் காட்சியில் பெரியவர்கள் மட்டும் பேசத் தொடங்கியதும் கவனம் சிதறினார்கள். கற்பனைப் பாத்திரங்களை மனிதர்களோடு கலந்தால் பிஞ்சு மனம் குழம்பும் என்று உளவியலாளர்கள் எச்சரித்திருந்ததால்தான் அந்தத் தெருவில் பொம்மைகள் இல்லை. தயாரிப்பாளர்கள் நிபுணர்களை விட்டுக் குழந்தைகளின் பக்கம் சாய்ந்தார்கள். எட்டடிக்கும் மேல் உயரமான மஞ்சள் பறவை ‘பிக் பேர்ட்’ தெருவுக்கு வந்தது அப்படித்தான். அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று பொது ஒளிபரப்பில் நிகழ்ச்சி தொடங்கியது.

ஆனால் கண் பதிந்த இடத்தில் கருத்தும் பதிந்துவிடுமா?

1992இல் தயாரான ஒரு பகுதி இதற்குப் பதில் சொன்னது. அதில் யானை போன்ற உருவமுள்ள ஸ்னஃபியின் பெற்றோர் மணவிலக்குப் பெறுகிறார்கள். ஒளிபரப்பும் முன் சுமார் அறுபது குழந்தைகளுக்குக் காட்டிக் கேள்வி கேட்டபோது, ஸ்னஃபி இனி அப்பாவைப் பார்க்கவே முடியாது என்று பலர் நினைத்திருந்தது தெரிந்தது. வீட்டில் சண்டை வந்தாலே பிரிவுதான் என்றும் சிலர் எடுத்துக்கொண்டார்கள். எழுதி, நடித்து, படமாக்கி முடித்த அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. செலவைப் பாராமல் எடுத்த அந்த முடிவு பாராட்டுக்குரியது. கண்ணை மட்டும் அளந்திருந்தால் அந்தப் பிழை பிடிபட்டிருக்காது.

பள்ளிப் பிள்ளைகளிடம் வரும்போது இன்னொரு குறையும் தெரிகிறது. வாசிப்பில் தடுமாறும் ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக, ‘செசமி ஸ்ட்ரீட்’டைத் தயாரித்த அதே நிறுவனம் 1971இல் ‘தி எலெக்ட்ரிக் கம்பெனி’யைத் தொடங்கியது. அதில் எதிரெதிரே இரண்டு நிழல் முகங்கள். ஒன்று சொல்லின் முதல் ஒலியை உச்சரிக்கும். மற்றது மிச்சத்தைச் சொல்லும். வாயிலிருந்து வரும் எழுத்துகள் நடுவில் சேர்ந்து முழுச் சொல்லாகும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக அந்த வித்தையைக் காட்டுவது கடினம். ஆனாலும் 1973இல் வெளியான மதிப்பீட்டில், வகுப்பறையில் ஆசிரியரோடு பார்த்தவர்களின் வாசிப்புத்திறன் நன்றாக உயர்ந்திருந்தது. வீட்டில் தாமாகப் பார்த்தவர்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை. தனியறையில் ஒரு குழந்தையின் கண்ணைக் கவனிக்கும் சோதனை இந்த வேறுபாட்டைக் காட்டித் தராது.

பலன் நிகழ்ச்சியாலா, உடனிருந்தவர்களாலா என்ற இதே கேள்வி ‘செசமி ஸ்ட்ரீட்’ மீதும் விழுந்தது. ஆய்வாளர் தாமஸ் குக் குழுவினர் 1975இல் அந்த நிகழ்ச்சியின் பழைய மதிப்பீட்டுத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார்கள். நிகழ்ச்சியைப் பார்க்கும்படி வீடுதேடி வந்து ஊக்குவிக்கப்பட்ட குழந்தைகளின் முன்னேற்றத்தில் அந்த ஊக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்றார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் பார்ப்பதால் ஏற்றத்தாழ்வு கூடவும் வாய்ப்புண்டு என்று எச்சரித்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அலைவரிசைத் தொழில்நுட்ப வரம்புகளால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு நிகழ்ச்சி சரியாகக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை வைத்து மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவைன் ஆகிய பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, தெளிவாகக் கிடைத்த பகுதிகளில் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படித்த பிள்ளைகள் அதிகம் என்றது. பின்தங்கிய வட்டாரங்களில் பயன் இன்னும் அதிகம்.

ஆகவே சோதித்துப் பார்த்து ஒளிபரப்பும் வழக்கத்தைக் கைவிடக் காரணமில்லை, விரிவாக்கத்தான் வேண்டும். குழந்தை பார்த்ததா என்பதோடு என்ன புரிந்துகொண்டது என்றும், ஆசிரியரோ பெற்றோரோ உடனிருந்தபோது என்ன மாறியது என்றும் சோதனைகள் கேட்க வேண்டும். வகுப்பறையில் கிடைத்த பலன் வீட்டில் தனியாகப் பார்க்கும் பிள்ளைக்கும் எப்படிச் சேரும் என்பது 1973இலேயே எழுந்த கேள்வி. பொதுப் பணத்தில் குழந்தை நிகழ்ச்சி தயாரிக்கும் எவரும் அதற்கு விடை தேடும் சோதனைகளின் செலவையும் திட்டத்திலேயே சேர்த்தாக வேண்டும்.