செலவில்லாத குரல்

சேத்தியாத்தோப்புக்காக நம் சட்டசபையே ஒன்றாக எழுந்து நின்ற நாள், 2023 ஏப்ரல் 5. சுரங்க ஏலத்துக்கு மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் டெல்டாவின் மூன்று இடங்கள் இருந்தன. வடசேரி, மைக்கேல்பட்டி, அப்புறம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பேதமில்லாமல் எதிர்த்தார்கள். 'நானும் டெல்டாக்காரன்தான்' என்றார் முதல்வர் ஸ்டாலின். ஏப்ரல் 8-ம் தேதி மூன்றையும் நீக்குவதாக டெல்லி அறிவித்தது. மூணே நாள்! பரவாயில்லையே, ஓட்டுப் போட்டதுக்குப் பலன் இருக்கே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

அதே வருஷம் ஜூலை 26. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து ஊர் வளையமாதேவி. பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டணும் என்று பச்சை நெல்வயலுக்குள் என்.எல்.சி.யின் பொக்லைன்கள் இறங்கின. சுற்றிலும் போலீஸ். டெல்லி போலீஸ் இல்லை சார், நம்ம போலீஸ்!

'அது ஏற்கெனவே எடுத்த நிலம், பணம் கொடுத்தாச்சு, பயிர் வைக்காதீங்கன்னும் சொல்லியாச்சு' என்றது அரசுத் தரப்பு. சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். நிலம் எடுத்தது 2006-லிருந்து 2013 வரை. அந்த வருஷங்களில் ஆண்டவை இரண்டு கழகங்களும்தான். ஆனால், இன்னும் ரெண்டு மாசத்தில் அறுக்க வேண்டிய பயிர் அது. அறுத்துக்கட்டும் என்று அடித்துச் சொல்ல ஒரு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.கூடவா இல்லை?

புவனகிரி எம்.எல்.ஏ. அருண்மொழிதேவன் எதிர்த்தார். அவர் அ.தி.மு.க., எதிர்க்கட்சி. வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே.பன்னீர்செல்வமும் இதே மாவட்டம்தான், குறிஞ்சிப்பாடிக்காரர். பயிருக்கான அமைச்சர் அரசின் நியாயத்தைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் படித்தது பி.காம். பற்று இருந்தால் வரவு இருக்கணும் என்பது பாலபாடம். ஏப்ரலில் கத்தினால் திட்டு டெல்லிக்கு, பாராட்டு நமக்கு. பேசியவர்களுக்குப் பைசா செலவில்லை. ஜூலையில் பேசினால் சொந்தக் கட்சியின் முகத்தைப் பார்த்துப் பேசணும், அடுத்த ஸீட்டையே பணயம் வைக்கணும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2013-ல் என்.எல்.சி. பங்குகளை மத்திய அரசு விற்கக் கிளம்பியபோது, தமிழக அரசு நிறுவனங்களே அதை வாங்கின. நிலம் எடுத்துக்கொடுத்த அரசே பங்குதாரராகவும் ஆனது. நிலம் கொடுத்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

எம்.பி.யிடம் போகலாம் என்றால் அங்கேயும் ஒரு வேடிக்கை. நெய்வேலி, கடலூர் எம்.பி. தொகுதியில் வருகிறது. வளையமாதேவி இருக்கும் புவனகிரி, சிதம்பரத்தில். டவுன்ஷிப் ஓட்டு ஒருத்தருக்கு, வயக்காட்டு ஓட்டு வேறொருத்தருக்கு.

கடைசியில் விவசாயிகளின் குரலுக்குக் காது கொடுத்தது, அவர்கள் ஓட்டே போடாத உயர் நீதிமன்றம். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்றும், மற்றவர்கள் செப்டம்பர் 15-க்குள் அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்கலாம் என்றும் வழி பிறந்தது அங்கேதான்.

ஏப்ரல் 21-ம் தேதி கலைந்துபோன சட்டசபை, மறுபடி கூடியது அக்டோபர் 9.