கிளிக் ஆகாத டச்பேடும் பூரியாய் உப்பிய பேட்டரியும்

என் லேப்டாப்புக்கு வயது ஒன்பது. 14 அங்குலத் திரை, 8 ஜிபி ராம், நடுவில் ஒருமுறை எஸ்எஸ்டி மாற்றியது. எழுதவும் மெயில் பார்க்கவும் இன்னும் தாராளமாகப் போதும். இரண்டு மாதம் முன்பு அதன் டச்பேட் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் கர்சர் நடுங்கியது. ஐகானுக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அடுத்த நொடி திரையின் வேறு மூலைக்குத் துள்ளிவிடும். இரண்டு வாரத்தில் கிளிக்கும் போனது. வலது மூலையை அழுத்தினால் அம்மிக்கல்லை அழுத்துவதுபோல் இருந்தது. இடது மூலை மட்டும் அரைமனதாக ‘டிக்’ என்றது.

கடையில் காட்டினேன். விரலால் இரண்டு தேய்ப்பு தேய்த்த தம்பி, “பேடு போயிடுச்சு சார், மாத்திடலாம், 3,200 ஆகும்” என்றார். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொத்த லேப்டாப்பையும் விற்றாலே 7,000 தேறுமா என்பது சந்தேகம். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடுக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். சார்ஜரைப் பிடுங்கியதும் கர்சர் சாதுவாகிவிட்டது. செருகினால் மறுபடி ஆட்டம். பழுது பேடில் இல்லை என்று அப்போதே பாதி புரிந்துவிட்டது. டச்பேடின் மேல்தகட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பிகளின் வலை இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் மின்தேக்கம் இம்மி மாறும். அந்த இம்மியை அளந்துதான் கர்சர் நகர்கிறது. சார்ஜரில் எர்த் சரியாக இல்லையென்றால், உள்ளே இருக்கும் சிறிய கெபாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் லேப்டாப் உடம்பு முழுவதும் ஏறி நிற்கும். ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் இம்மியை அளக்கிற சிப்புக்கு அது திருவிழாக் கூட்டத்தில் ரகசியம் கேட்பதைப் போல. டெஸ்டரை எடுத்து யுஎஸ்பி துளையின் உலோக விளிம்பில் வைத்தேன். மங்கலாக எரிந்தது! மேசையை ஜன்னலோரம் மாற்றியபோது மூன்று பின் பிளக்கை ஒரு டூ பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தேன். கன்வெர்ட்டரைக் கழற்றி, எர்த் உள்ள சாக்கெட்டுக்கு மேசையை நகர்த்தினேன். நடுக்கம் நின்றது. செலவு, கொஞ்சம் இடுப்பு வலி.

கிளிக் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெதுவாகத் தட்டினால் வேலை செய்கிறது, இரண்டு விரல் ஸ்க்ரோலும் ஆகிறது, அழுத்தினால் மட்டும் இல்லை. அப்படியானால் சென்சார், கேபிள், டிரைவர் எல்லாம் நலம். மருந்து சாஃப்ட்வேரில் கிடையாது. (முழுக்கவே செத்த பேட் என்றால் கதை வேறு. டச்பேட் படம் போட்ட ஃபங்ஷன் கீயை யாராவது தெரியாமல் அமுக்கினார்களா என்று பாருங்கள். பிறகு பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றுங்கள். அதிலும் அசையாவிட்டால் வன்பொருளைச் சந்தேகிக்கலாம்.)

இந்த வகைப் பேடுகள் மேல் விளிம்பில் கீல் வைத்த கதவு மாதிரி. கீழ் விளிம்புக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச். கதவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கினாலே ‘டிக்’. அந்த இறக்கத்துக்கு இடமில்லாமல் போனால் கல்தான். அடியிலிருந்து பேட்டரி முட்டுகிறதோ என்று பார்க்க, லேப்டாப்பைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். ஒரு கால் மேசையில் படாமல் ஆடியது. கைவைக்கும் பகுதியில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் இருபுறமும் வெளிச்சம் தெரிந்தது. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் புதிதில் 41 வாட்-அவர், இப்போது 17.

அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்தேன். பத்து ஸ்க்ரூ, அதில் இரண்டு மட்டும் நீளம். காகிதத்தில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டிவிட்டால் பின்னால் தலையைச் சொறிய வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு நெம்ப நினைத்தேன். அதற்கு முன்பே மூடி தானாக மேலே எழும்பியது. உள்ளே மூன்று செல். வலது செல் எண்ணெயிலிருந்து எடுத்த பூரிபோல உப்பி, வெள்ளிநிற உறை விறைத்து நின்றது. வருடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே செருகிவைத்ததும் சென்னை வெயிலும் சேர்ந்து உள்ளிருக்கும் திரவத்தைச் சிதைத்து வாயுவாக்கியிருக்கின்றன. இப்படி உப்பியதை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மறுபடி சார்ஜும் ஏற்றக் கூடாது. கனெக்டரைப் பிளாஸ்டிக்கால் தள்ளிக் கழற்றி, பேட்டரியை நோகாமல் தூக்கினேன். காலியான கூட்டைத் திருப்பி பேடை அழுத்தினேன். டிக். வலதிலும் டிக்.

புதிய பேட்டரி ரிச்சி தெருவில் 2,400 ரூபாய். லேப்டாப் மாடலைச் சொல்லாதீர்கள், பழைய பேட்டரிமேல் அச்சிட்ட எண்ணைக் காட்டுங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகை உண்டு. எனக்குக் கிடைத்தது கம்பெனி சரக்கு இல்லை. 41 என்று ஒட்டியிருந்தாலும் அறிக்கையில் 38தான் காட்டுகிறது. எழுத்து வேலைக்கு நாலரை மணி நேரம் வருகிறது, போதும்.

எல்லாவற்றையும் மூடி ஆன் செய்தால் பேட் முழுசாகச் செத்திருந்தது. அந்தக் கால் மணி நேரம் கடைத் தம்பியின் முகம் கண்முன் வந்து வந்து போனது. மறுபடி திறந்தேன். பேடின் ரிப்பன் கேபிள் பேட்டரிக்கு மேலாக ஓடுகிறது. தூக்கும்போது அரை மில்லிமீட்டர் உருவியிருக்கிறேன். கனெக்டரின் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்தி, கேபிளிலுள்ள வெள்ளைக் கோடு வரை நேராகச் செருகி, தாழ்ப்பாளைச் சாய்த்ததும் உயிர் வந்தது.

ஐந்து வாரம் ஆகிறது. கிளிக் முன்புபோலச் சன்னமாக இல்லை, கொஞ்சம் கரகரப்பு. நெடுநாள் அழுத்தத்தில் தகடு லேசாக வளைந்து, வலது விளிம்பில் விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட்டிருக்கிறது. என் தம்பியின் மேக்புக்கில் இந்தக் கீலும் கதவும் கிடையாது. 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த ஃபோர்ஸ் டச் அது. தகடு இறங்குவதேயில்லை, காந்தச் சுருளின் அதிர்வு விரலை ஏமாற்றுகிறது. அணைத்துவிட்டு அழுத்தினால் கிளிக்கே இராது. அந்த நேர்த்தி என்னுடையதில் இல்லை. ஆனால் 2,400 ரூபாய்க்கு பேட்டரியும் புதிது, பேடும் வேலை செய்கிறது என்பதில் எனக்குக் குறையில்லை. உங்களுடையதில் ஆட்டமும் உப்பலும் இல்லாமல் கிளிக் மட்டும் போயிருந்தால், ஸ்விட்சே தேய்ந்திருக்கலாம். அப்போது பேட் மாற்றச் சொல்வது நியாயம்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. கொண்டுபோய்க் கொடுக்கும் வரை பால்கனியில், முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய மண்சட்டியில் கிடக்கிறது. அம்மா நேற்று அதற்குத் தண்ணீர் ஊற்றப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன்.