முட்டை அட்டைக் கம்பளிப்புழு

எல்கேஜி வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும் கம்பளிப்புழுக்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முட்டை அட்டையில் ஒரு வரிசையை வெட்டி, பச்சை வண்ணம் அடித்து, கண் ஒட்டியவை. எல்லாப் புழுவுக்கும் ஒரே அளவுக் கண், ஒரே இடத்தில் கொம்பு. நான்கு வயதுக் கை இவ்வளவு நேராக வெட்டாது. ராத்திரி பிள்ளை தூங்கியபின் அம்மா உட்கார்ந்து வெட்டியது என்பது ஆசிரியைக்கும் தெரியும். வீட்டில் வீணாகும் பொருளில் கைவினை என்று மழலையர் பள்ளிகள் பெருமையாகச் செய்யும் பயிற்சியின் முதல் குறை இதுதான்: அதில் குழந்தை இல்லை.

பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதுக் குழந்தையிடம் பழைய செய்தித்தாளைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். தாளைப் பிடித்து இழுக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் பின்னாளில் பென்சிலையும் பிடிக்கப்போகின்றன. மைதா பசையை எவ்வளவு தடவினால் ஒட்டும், எவ்வளவு தடவினால் தாள் ஊறிக் கிழியும் என்பதைக் கையே தெரிந்துகொள்ளும். பற்பசை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால், பெட்டி என்பது மடித்துவைத்த வெறும் அட்டைதான் என்று கண்முன்னே புலப்படும். 1837இல் ஜெர்மனியில் கல்வியாளர் ஃப்ரோபெல் தொடங்கிய பள்ளியின் வழிவந்த கிண்டர்கார்டன்களில், காகிதம் மடிப்பதும் பின்னுவதும் பாடமாகவே இருந்தன. நம் வீட்டு அட்டைக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைக்கும் இன்னொரு சிறப்பு உண்டு. கெட்டுப்போனால் யாரும் திட்டமாட்டார்கள். கடையில் வாங்கிய வண்ணத்தாளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்த அர்விந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பொம்மைகளில் பல, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. ஆனால் அவற்றில் ஒரு நேர்மை இருக்கிறது: சுற்ற வேண்டியது சுற்ற வேண்டும், ஊதினால் சத்தம் வர வேண்டும். நம் ஊர்ப் பனையோலைக் காற்றாடியும் அப்படித்தான். பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றும். சுற்றாவிட்டால் நடுவில் குத்திய முள்ளைப் பிடுங்கி மறுபடி குத்த வேண்டும். சரியா தவறா என்று சொல்ல ஆசிரியை வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிய கம்பளிப்புழுவோ போட்டோவுக்கு நிற்பதோடு சரி.

குப்பையைக் குறைக்கிறோம் என்ற சுற்றுச்சூழல் பெருமையோ இன்னும் பலவீனமானது. சுத்தமான அட்டைப்பெட்டிக்குப் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு. அது மறுசுழற்சிக்குப் போகும். அதன்மேல் பசை, ஜிகினா, தெர்மாகோல் எல்லாம் ஒட்டிவிட்டால் அந்தக் கடைக்காரர் தொடவே மாட்டார். அடுத்த மாதம் குப்பைத்தொட்டிதான். பள்ளி கேட்கிறதே என்று ஸ்டேஷனரி கடையில் ஐஸ் குச்சியைப் பாக்கெட்டாக வாங்குகிறோம். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதையும் தேடிப்பிடித்துப் புதிதாக வாங்கி, ‘கழிவு’ என்று பெயர் சூட்டுகிறோம். இதற்குப் பதில் ஒரு களிமண் உருண்டையே போதும்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்தா ஓடு, புளியங்கொட்டை, பாட்டில் மூடி மூன்றுமே வாய்க்கோ மூக்குக்கோ போகக்கூடியவை. சின்னஞ்சிறுசுகளுக்குக் கொடுக்கக் கூடாது. பட்டன் பேட்டரி எந்த வயதிலும் வேண்டாம்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் 1996 முதல் ரெமிடா என்றொரு மையம் இயங்குகிறது. தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டு துணுக்குகளைச் சேர்த்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். போவது பொருள் மட்டும்தான். இதைச் செய், இப்படிச் செய் என்ற மாதிரி கூடவே போவதில்லை. நம் பயிற்சியில் குறைவது இந்தச் சுதந்திரம்தான் என்பேன். குற்றம் அட்டையில் இல்லை, பள்ளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாதிரிப் படத்தில் இருக்கிறது.

எனவே ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு மாதிரி அனுப்பாதீர்கள். வீடுகளிலிருந்து சுத்தமான அட்டையும் துணியும் நூலும் வாங்கி ஒரு மூலையில் குவித்துவையுங்கள். வகுப்பிலேயே பிள்ளைகள் செய்யட்டும். கோணலாக வந்தால் கோணலாகவே சுவரில் ஒட்டுங்கள். பெற்றோர் முகம் சுளித்தால், உங்கள் பிள்ளை தானே செய்தது என்று சொல்லுங்கள்.