வெலாஸ்கெஸின் ஈட்டிகள்
பிரேடா 1625இல் ஸ்பானியரிடம் சரணடைந்தது. வெலாஸ்கெஸ் சுமார் பத்து வருஷம் கழித்து, மாட்ரிட் அரண்மனையின் சிம்மாசன மண்டபத்துக்காக அதை வரைந்தார். தோற்ற டச்சுத் தளபதி யுஸ்டினுஸ் நகரத்தின் சாவியை நீட்டுகிறான். வென்ற ஸ்பினோலா (ஜெனோவாக்காரன்) குதிரையை விட்டிறங்கி, எதிரி மண்டியிட்டுவிடாதபடி அவன் தோளில் கை வைக்கிறான். இந்தக் கையைத்தான் விமர்சகர்கள் ஓயாமல் புகழ்கிறார்கள். மனிதாபிமானமாம்.

கைக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வலப்புறம் வானத்தைக் கீறிக்கொண்டு நெட்டுக்குத்தாய் ஈட்டிகள், வரிசை வரிசையாக. இடப்புறம் டச்சுக்காரர்களிடம் இருப்பது கொஞ்சம், அதுவும் ஒழுங்கற்று. ஸ்பினோலாவின் கனிவு இந்த ஈட்டிகள் மீது நிற்கிறது. மண்டியிட வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வென்றவனுடையதுதான். ரத்தமும் பிணமுமாக வரையப்பட்ட போர்ச்சித்திரங்களைவிட இது அதிகாரத்துக்கு அதிகம் உதவுகிறது. நம்மைச் சம்மதிக்க வைத்துவிடுகிறது. ஓவியம் என்ற அளவில் இது பெரிய சாதனை என்பதும் அதனோடு சேர்ந்ததே.

ஸ்பெயினில் இதற்கு வழங்கும் பெயர் 'ஈட்டிகள்'. பெயர் வைத்தவர்கள் விமர்சகர்களைவிடச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்பினோலா 1630இலேயே இறந்துவிட்டான். 1637இல் டச்சுக்காரர்கள் பிரேடாவைத் திரும்பப் பிடித்தார்கள். படம் மண்டபத்திலேயே இருந்தது.